நிரம்பாத குழி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பற்றிப் பெருமையடிக்க இரண்டு விஷயங்கள் இருந்தால் போதும். கிணறு நல்ல தண்ணிக் கிணறு. கக்கூசுக் குழி நிரம்பாத குழி. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி நெஞ்சை நிமிர்த்துகிறவர்களைக் கண்டால் இப்போது எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வருகிறது. சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். நான் நாசூக்காகச் சொல்லப் போவதில்லை. என் வீட்டில் என்னை வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.

நல்ல தண்ணி என்றால் யாழ்ப்பாணத்தில் உப்பில்லாத தண்ணீர். அவ்வளவுதான். எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையிலேயே சவர்த் தண்ணி. சோறு காய்ச்சினால் மஞ்சளாகிவிடும், தலை முழுகினால் மயிர் தேங்காய்த் தும்பு மாதிரி ஆகிவிடும். அதனால் உப்புக் கரிக்காத கிணறு வாய்த்தவர்களுக்கு எப்போதும் ஒரு மிதப்பு. எனக்குக் கலியாணம் பேசியபோது என் படிப்பைச் சொல்வதற்கு முன்னால் கிணற்றைச் சொன்னார்கள். "உடுவிலிலை காணி, நல்ல தண்ணிக் கிணறு" என்றதும் மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். அந்தத் தண்ணீருக்குள் என்ன கரைந்திருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நாக்கில் உப்பு இல்லையென்றால் அது நல்லது. எங்கள் சனத்தின் விஞ்ஞானம் அந்த நாக்கோடு முடிந்துவிட்டது.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. அக்காவுக்கும் எனக்கும் பொதுவானது. அப்பா காணியைப் பிரித்து அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று சீதனம் எழுதியபோது எல்லைக்கோடு கிணற்றுக்கு நடுவால் போனது. மதில் இந்தப் பக்கம் கிணற்றுக்கட்டில் வந்து முட்டி நிற்கும். அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கும். கிணற்றுக்குள் இரண்டு குழாய்கள் இறங்கும். ஒன்று அக்காவின் மோட்டர், ஒன்று எங்களுடையது. இருவரும் ஒரே நேரத்தில் மோட்டரைப் போட்டால் பேச்சுக் கேட்காது. அதனால் அக்கா காலையிலும் நான் பின்னேரத்திலும் போடுவோம்.

அக்கா எனக்கு அக்கா மட்டுமல்ல. நான் கடைக்குட்டி. அம்மா நோயில் படுத்தபோது எனக்குத் தலை இழுத்துப் பின்னியது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது எல்லாம் அக்காதான். எனக்குக் கலியாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்தபோது கோயில் கோயிலாக என்னை இழுத்துக்கொண்டு அலைந்ததும் அவள்தான். முப்பத்தொன்பது வயதில் எனக்கு வயிற்றில் தங்கியது என்று தெரிந்த அன்று என்னைவிடப் பெரிதாக அழுதவளும் அவள்தான். இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவை நான் சும்மா திட்டுகிறேன் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு வயிற்றில் தங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அக்காவின் மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பிப் பழைய வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். மூன்று பாத்றூம். ஒவ்வொன்றும் அறையோடு ஒட்டியது. கண்ணாடி மாதிரி வழுக்கும் மாபிள். எங்கள் காலத்தில் கக்கூசு என்றால் வளவின் கடைசி மூலையில் ஒரு கூடு, மழைக்குக் குடையோடு போகவேண்டும். அது வீட்டுக்குள் வந்தது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கக்கூசு வீட்டுக்குள் வந்தால் குழி எங்கே போகும் என்று கேட்க ஒரு மனிதரும் இல்லை. மாபிள் என்ன நிறம் என்பதற்கு மட்டும் கனடாவோடு மூன்று கிழமை வீடியோவில் கதை நடந்தது.

கீறிய பிளானில் குழி தெருப்பக்கம் இருந்தது. வாஸ்து பார்க்க ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் கையை நீட்டி, அந்த மூலை ஆகாது, வீட்டுத் தலைவருக்குக் கூடாது, இந்த மூலையில் வெட்டுங்கள் என்று காட்டிய இடம் கிணற்றுக்குப் பக்கத்தில். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றிலிருந்து என் வீட்டுக்காரர் உலாவினால் நாலெட்டில் போய்விடும் தூரம்.

"அக்கா, உது கிணத்துக்குப் பக்கமெல்லே?" என்றேன்.

"வாஸ்துக்காரர் சொன்னவர்" என்றாள் அக்கா, அதோடு கேள்வி முடிந்துவிட்ட மாதிரி.

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே கொஞ்சம் செம்மண், கீழே கல், கல்லில் வெடிப்பு. மேசன் கல்லை உடைத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் கல் இரண்டாகப் பிளந்து கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஒன்று தெரிந்தது. அவர் குழிக்குள் இருந்து தலையை நீட்டி, சந்தோஷமாகக் கத்தினார்: "அக்கா, உங்களுக்கு அதிர்ஷ்டம்! அடியிலை நல்ல வெடிப்பு. உங்கடை சென்மத்துக்கும் குழி நிரம்பாது!"

அக்கா அவருக்கு வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தான் கனடாவுக்குப் போன் எடுத்து மகனிடம் சொன்னார். குழியின் அடி பூசப்படவில்லை. பூசினால் நிரம்பிவிடுமே! எங்கள் ஊர் முழுவதும் இதே புத்திதான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், "எங்கடை குழி இருபது வருசமா நிரம்பேல்லை." மாமி சொல்லுவா, "எங்கடை குழி அப்பர் காலத்துக் குழி, ஒருக்காவும் பவுசர் வண்டி வந்து இழுத்ததில்லை." எல்லோரும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஒரு வீடே தினமும் போய்க் கொட்டுகிறது, வருடக்கணக்கில் கொட்டுகிறது, ஆனால் குழி நிரம்பவில்லை. அப்படியென்றால் அந்தப் பீ எல்லாம் எங்கே போகிறது? சொர்க்கத்துக்கா? நிலத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் வாளியில் மேலே வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த சனம்தான் இது.

நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்த வைகாசியில் அக்கா குடும்பம் புது வீட்டில் குடிபுகுந்தது. அதிலிருந்து கொஞ்ச நாளில் எனக்குக் கிணற்றடியில் ஒரு மணம் வரத் தொடங்கியது. கடுமையாக இல்லை. ஈரச் சாக்கை வெயிலில் போட்ட மாதிரி ஒரு வாடை. நான் பின்னேரம் மோட்டர் போடப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தி எடுத்துவிட்டு வருவேன்.

"உனக்கு வயித்திலை பிள்ளை. அதுதான் எல்லாம் மணக்குது" என்று சிரித்தாள் அக்கா. "எனக்கு அவன் வயித்திலை இருக்கேக்கை மல்லிகைப்பூவே நாறினது."

என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் லிகிதர். சத்தம் போட்டுக் கதைத்துப் பழக்கமில்லாதவர். ஒரு கிளாஸில் தண்ணீரை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "பளிங்கு மாதிரி இருக்கு. உமக்கு மனப்பிரமை" என்று குடித்தும் காட்டினார். கர்ப்பிணிக்கு மூக்கு இருக்கலாம், ஆனால் அதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆவணியில் கணக்கெடுப்புக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். எல்லாருக்கும் பாதுகாப்பான குடிநீரும் மலசலகூடமும் கிடைத்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிற வேலை. எங்கள் ஒழுங்கையில் குலுக்கலில் அக்காவின் வீடு அகப்பட்டது. நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் அக்காவின் புது நாற்காலியில் இருந்தேன். பிள்ளை நல்ல பிள்ளை, வெயிலில் சைக்கிளில் வந்து முகம் சிவந்திருந்தது. மடியில் டப் என்கிற தொடுதிரைக் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அன்ரி, குடிதண்ணி எங்கை எடுக்கிறனீங்கள்?"

"எங்கடை கிணறு. நல்ல தண்ணிக் கிணறு" என்றாள் அக்கா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவளுடைய கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது.

"பாதுகாப்பான கிணறோ?"

இதற்குப் பதில் சொன்னவர் அத்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பியே வந்தார். "பாதுகாப்புக்கு என்ன குறை பிள்ளை? கட்டு நெஞ்சளவு. மேலை வலை போட்டிருக்கு. பூனையே விழேலாது. நீர் வந்து பாருமன்."

பிள்ளை எட்டிப் பார்த்தாள். கட்டு இருந்தது, வலை இருந்தது. டப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். மலசலகூடம் எத்தனை, தண்ணீர் அடித்தால் போகிறதா, வேறு வீட்டுக்காரர் பாவிக்கிறார்களா என்று கேட்டாள். அக்கா மூன்று பாத்றூமையும் திறந்து காட்டினாள். காட்டிய இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒருதரம் தண்ணீர் அடித்தும் காட்டினாள். சர் என்று போனது. எங்கே போனது என்று அந்த டப்பிலும் கேள்வி இல்லை. நிரம்பினால் இழுத்தீர்களா என்றுதான் கேள்வி இருந்தது.

"குழி நிரம்பிப் பவுசர் கொண்டந்து இழுத்தனீங்களோ?"

"ஐயோ, அந்தக் கதையே இல்லை" என்றாள் அக்கா. "எங்கடை குழி நிரம்பாத குழி. மேசன் எழுதித் தராத குறை."

அது நல்ல பதிலாம். இழுத்து எங்கேயாவது வெளியில் கொண்டுபோய்க் கொட்டினால்தான் பிழையாம். நிரம்பாமல் அங்கேயே கிடந்தால் மண்ணுக்குள் பத்திரமாகப் புதைந்துவிட்டது என்று கணக்காம். பிள்ளையே எனக்கு விளங்கப்படுத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை எங்கேயோ குளிர் அறையில் இருந்து யோசித்தவர்களுக்கு எங்கள் கல்லையும் அதன் வெடிப்பையும் தெரியுமோ தெரியாது. தெரிந்த அத்தானும் மேசனும் அந்த வெடிப்பை அதிர்ஷ்டம் என்றார்கள். யாரை நொந்து என்ன?

கடைசியாகப் பிள்ளை சொன்னாள், "நீங்கள் வழமையாக் குடிக்கிற தண்ணியிலை ஒரு கிளாஸ் தாங்கோ அன்ரி. சோதிக்க வேணும்."

அக்கா உள்ளே போய்க் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைத் துடைத்து, தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். குசினிக்குள் நீல நிறப் பெரிய தண்ணிக் கான் ஒன்று இருந்தது. கடையில் வாங்குகிற சுத்திகரித்த தண்ணீர். மகன் கனடாவிலிருந்து வந்தால் குடிப்பதற்கென்று அக்கா எடுத்து வைத்திருந்ததாம். அவள் அதிலிருந்து வார்த்ததை நான் கதவிடுக்கால் கண்டேன்.

"அக்கா, அது கான் தண்ணியெல்லே? கிணத்துத் தண்ணியைக் குடுங்கோ" என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். "நீ சும்மா இரு. வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணியே குடுக்கிறது? என்ன பழக்கம்!"

பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது. உபசரிக்கிறவளை மறுக்க அவளுக்கும் வளர்ப்பு விடவில்லை. "பரவாயில்லை அன்ரி" என்று அந்தத் தண்ணீரையே சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அக்கா அவளுக்குத் தேத்தண்ணியும் பயத்தம்பணியாரமும் கொடுத்தாள். எங்கள் சனத்தின் விருந்தோம்பல் இருக்கிறதே, அதைப் போட்டு மிதிக்கவேண்டும் போல் இருந்தது. அளக்க வந்தவளுக்கு அழுக்கைக் காட்டினால் மரியாதைக் குறைவு. அதனால் மரியாதையை அளந்துகொண்டு போனாள்.

சில கிழமைகளில் அக்கா வீட்டு வாசல் தூணில் பச்சை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினார்கள். பாதுகாப்பான நீர், பாதுகாப்பான மலசலகூடம் என்று எழுதி, ஒரு துளித் தண்ணீர் சிரிக்கிற மாதிரிப் படம். அக்கா அதைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினாள்.

புரட்டாசியில் எனக்கு மகள் பிறந்தாள். அவளுடைய காதுமடல் வெற்றிலைக் கொழுந்து போல இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்தார்கள். வீட்டை முழுதாகக் கழுவி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து மூலைமுடுக்கெல்லாம் தெளித்து, என் தலையிலும் பிள்ளையின் தலையிலும் தெளித்து, இப்போது சுத்தமாகிவிட்டோம் என்றார்கள். பிள்ளை பெற்றவள் தீட்டு. குழித் தண்ணீர் தீர்த்தம். இதை நினைக்கும் போதெல்லாம் தூ என்று துப்பவேண்டும் போல் இருக்கிறது.

எனக்குப் பால் போதவில்லை. பால்மா கரைத்துக் கொடுத்தோம். தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், நாங்களும் கொதிக்க வைத்தோம். கொதித்த தண்ணீர் சுடும். பிள்ளை பசியில் கத்தும். அதனால் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுப்போம். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல தண்ணி தானே.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் மாரி வந்தால் கிணறு மேலே ஏறும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல வந்து நிற்கும். நிலத்துக்குக் கீழே எல்லாத் தண்ணீரும் ஒரு மட்டம் ஆகிவிடும். கிணறென்ன, குழியென்ன. அந்தக் கிழமை அக்கா வீட்டில் பாத்றூம் தண்ணீர் அடித்தால் போகாமல் குமிழி விட்டது. இரண்டு நாளில் அது தானாகச் சரியாகிவிட்டது என்று அத்தான் மதிலுக்கு மேலால் எங்களுக்கு நல்ல சேதி சொன்னார். அதே இரண்டு நாளில் எங்கள் கிணற்றில் மணம் வந்தது. இந்த முறை மனப்பிரமை இல்லை. குளிக்க வாளியில் எடுத்தால் வாளிக்குள் இருந்து எழும்பியது. தண்ணீரில் வழுவழுப்பு. சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரல் இடுக்கில் நின்றது. பிள்ளைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. எனக்குப் பிள்ளைக்காரிச் சம்பல், பிள்ளைக்கு ஓமத்தண்ணீர் என்று அவரவர் சொன்னதைச் செய்து ஒருவழியாக நின்றது.

நான் கிணற்றடிக்குப் போய் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அந்தப் பக்கம் வந்தாள். கிணற்றுக்கு அந்தக் கரையில் அவள், இந்தக் கரையில் நான்.

"அக்கா, உங்கடை குழி கிணத்துக்கை வருது. மணந்து பாருங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்!"

"விசரோ? இறங்கி வந்து வாளிக்கை மூக்கை வையுங்கோ. நாங்கள் உங்கடை பீயைக் குடிக்கிறம், அக்கா."

அவள் முகம் சுருங்கியது. பீ என்ற சொல்லுக்குத்தான் சுருங்கியது, விஷயத்துக்கு இல்லை. "பொம்பிளைப் பிள்ளை பெத்தவள் வாயிலை வாற கதையே உது? அரசாங்கத்தாலை வந்து பாத்து, தண்ணியைச் சோதிச்சு, பச்சை ஒட்டிப்போட்டுப் போட்டினம். அவைக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சோ?"

"குழியை மூடுங்கோ. தெருப்பக்கம் அடி பூசி ஒண்டு வெட்டுங்கோ. மாபிளுக்குப் போன காசிலை கால்வாசி காணும்."

"அது ஆகாத மூலை. அத்தானுக்கு ஒண்டு நடந்தா நீ பதில் சொல்லுவியோ?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளையின்ரை துணியைக் கிணத்தடியிலை கழுவுறது ஆர்? அதை யோசி முதல்" என்றாள்.

என் மகளின் துணியில் பழி! ஒரு மாதப் பிள்ளையின் துணி! நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரவு என் வீட்டுக்காரர், "சொந்தத்துக்கை உமக்கு ஏன் உந்தச் சண்டை? மழை விட்டால் கிணறு தெளிஞ்சிடும். ஒருக்கா இறைச்சு விடுவம்" என்றார். இறைத்தோம். குளோரின் போட்டோம். மணம் போனது. நான்கு நாள் கழித்து மழை கொட்டியது. எல்லாம் திரும்ப வந்தது.

கார்த்திகையில் பிள்ளைக்கு இரண்டாம் தரம் பிடித்தது. இந்தத் தரம் நிற்கவில்லை. விடிய இருந்து பின்னேரம் வரை தண்ணீராகவே போனது. அழுவதை விட்டுவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மடியில் அவள் ஒரு ஈரத்துணி போலக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்காமல், காலில் கிடைக்காமல், கடைசியாகத் தலையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள்.

டொக்டர் ஒரு இளம் பெண். பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"எந்தத் தண்ணியிலை பால் கரைக்கிறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உப்போ எண்டு கேக்கேல்லை, அம்மா" என்றாள். எங்கள் ஊர்க்காரி போலும். "கொதிக்க வைக்கிறனீங்களோ?"

"ஓம். வடிவாக் கொதிக்க வைக்கிறனாங்கள்."

"பேந்து என்ன செய்யிறனீங்கள்? ஆறவிடுறனீங்களோ, விளாவிறனீங்களோ?"

 அவளுக்கு என் பதில் தேவைப்படவில்லை. பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள், அதற்கு அடுத்ததைக் காட்டினாள். "எல்லாரும் கொதிக்க வைக்கினம். எல்லாரும் விளாவினம். மாரி தொடங்கினா எங்களுக்கு இதுதான் வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குக் களைப்பு.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு சுகாதாரப் பரிசோதகரிடம் போனார். யாரும் தட்டில் வைத்து உபசரித்துக் கொடுக்காத தண்ணீர். வாளியில் கோலிய தண்ணீர். முடிவு வந்த அன்று வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே ஆண்களை விடமாட்டார்கள். நான் எழுந்து போனேன். மலத் தொற்று, கிருமி என்று எப்படியும் சொல்லத் தெரிந்த மனிதர். கச்சேரித் தமிழில் கடிதம் எழுதி எழுதித் தேய்ந்தவர். என்னைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னார்.

"பீதான்."

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். நான் அவரைத் திட்டவில்லை.  அவ்வளவு நாளும் அந்தத் தண்ணீரில் சோறு சமைத்து, பல் விளக்கி, சாமிக்கு வைத்து, என் பிள்ளையின் வாய்க்குள்ளும் விட்டோமே. குழாயடியில் போய்க் கொப்பளித்தேன். எத்தனை தரம் கொப்பளித்தாலும் போகிற அருவருப்பா அது.

மறுநாள் பிள்ளை கொஞ்சம் தெளிந்தாள். கண்ணை முழித்து ஒரு தரம் சிணுங்கினாள். அந்தச் சிணுங்கலைக் கேட்டு நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு அக்கா வந்தாள். சண்டை பிடித்தபின் எங்கள் வீட்டுப் பக்கம் வராதவள், ஓட்டோவில் வந்து, மூச்சு வாங்க வார்டுக்குள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாகப் பிள்ளையின் தலையைப் பார்த்து, "ஐயோ என்ரை குஞ்சு, தலையிலையே குத்திப்போட்டாங்கள்" என்று தேம்பினாள். பொய் அழுகை இல்லை. அவள் மெய்யாகவே அழுதாள். எனக்கும் ஒரு கணம் எல்லாம் இளகிப் போனது. இவள் என் அக்கா, கோபத்தில் ஏதோ சொன்னாள், இனிக் குழியை மூடுவாள் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சோதனை முடிவைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கொண்டுவந்த பெரிய பையைத் திறந்து, போத்தல் தண்ணீரை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினாள்.

"இனி இதிலை பால் கரைச்சுக் குடு. காசைப் பற்றி யோசியாதை, முடிய முடிய நான் கொண்டந்து தாறன்" என்றாள். "நாங்களும் கான் தண்ணிதானே குடிக்கிறம். இதிலை ஒரு பயமுமில்லை."

"எப்ப இருந்து?" என்றேன்.

அவள் போத்தல்களின் வாய்ப்புறம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பிக்கொண்டே சொன்னாள். "குடிபுகுந்த கையோடை. முதல் கிழமையே அத்தானுக்கு வயித்துக்கை பிரட்டினது. அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டம். குளிக்கவும் கழுவவும்தான் கிணறு."

வைகாசி. அப்போது என் பிள்ளை வயிற்றுக்குள் கை கால் உதைக்கத் தொடங்கியிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தி எடுத்தபோது மல்லிகைப்பூக் கதை சொல்லிச் சிரித்தாளே, அப்போது அவளுக்குத் தெரியும். கிணற்றுக்கு அந்தக் கரையில் நின்று என் பிள்ளையின் துணியைச் சொன்னபோதும் தெரியும். பிள்ளை பிறந்தபிறகு எங்கள் வீட்டுக்கு அவள் தினமும் வந்து, பால் கரைப்பதைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துத் தாலாட்டிவிட்டுப் போனாள். அப்போதெல்லாம் தெரியும்.

"அக்கா, எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்ட கேள்வி அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா நீ குழியை மூடச் சொல்லுவியெல்லே" என்றாள்.

பிள்ளை சிணுங்கியது. அக்கா அவளைத் தூக்குவதற்குப் பழக்கப்படி இரண்டு கையையும் நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.